இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே

ஐசியூவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘பிடுங்கி அக்கா’. நேரில் யாரும் சொல்வதில்லை. ஆனால் ட்யூட்டி ரூம் சுவருக்கும் காது உண்டல்லவா. காலை எட்டேகாலுக்கு, நைட் ஸ்டாஃப் ஹேண்டோவர் கொடுத்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில், ஒவ்வொரு பெட்டின் கால்மாட்டிலும் போய் நின்று ஒரே கேள்வியைக் கேட்பேன். “இது எதுக்கு இன்னும் இருக்கு?” கழுத்தில் சென்ட்ரல் லைனோ, மூத்திரக் குழாயோ, எதுவானாலும் கேள்வி ஒன்றுதான். பதில் வந்தால் அடுத்த பெட்டுக்குப் போய்விடுவேன். ஸ்டாஃப் டாக்டரைப் பார்த்து, டாக்டர் ஃபேனைப் பார்த்தால், அன்றைக்கு அந்தக் குழாய் வெளியே வந்தாக வேண்டும்.

நான் நர்ஸாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. முதல் பத்து வருஷம் ஐசியூவில் ஷிஃப்ட். அதன்பிறகு இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல் நர்ஸ். இப்போது இருப்பது திருநெல்வேலிப் பக்கம், பெரிது என்றும் சொல்ல முடியாத, சின்னது என்றும் சொல்ல முடியாத ஒரு ஆஸ்பத்திரி. கீழே வரும் ஆச்சியின் கதை இங்கே நடந்ததில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்தது.

ஐசியூவுக்குள் போய்ப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கையில் குத்தும் வென்ஃப்ளான் எல்லோருக்கும் தெரியும். சென்ட்ரல் லைன் அதற்குப் பெரியண்ணன். கழுத்திலோ, காறை எலும்புக்குக் கீழேயோ, தொடை இடுக்கிலோ இருக்கும் பெரிய நரம்பில் போடுவார்கள். (சிரை என்பதுதான் சரி. நம் ஊரில் எல்லாமே நரம்புதான், நானும் அப்படியே எழுதுகிறேன்.) கழுத்தில் போட்டால் குழாயின் நுனி இதயத்துக்குச் சற்று மேலே போய் நிற்கும். வெளியே மூன்று வாய் தொங்கும். பிரஷர் அடியோடு விழுந்தவர்களுக்கு அதை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ஓட வேண்டும். அதைக் கை நரம்பில் நாள்கணக்கில் ஓட்டி, வெளியே கசிந்துவிட்டால் அந்த இடத்துத் தோல் கறுத்துச் செத்துப்போகும். பெரிய நரம்பில் ரத்தம் வேகமாக ஓடுவதால் மருந்து உடனே கரைந்துவிடும். எத்தனையோ பேர் இந்தக் குழாயால் பிழைத்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதே குழாய் வழியாகக் கிருமியும் நேரே இதயத்து வாசலுக்குப் போய்விடலாம், அதுதான் சிக்கல்.

மனித இதயம் வரைக்கும் முதன்முதலில் குழாய் விட்டவராகச் சொல்லப்படும் ஆள் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மன் டாக்டர். 1929. மூத்திரப் பாதைக்கான குழாயை எடுத்துத் தன் கை நரம்பில் தானே நுழைத்து, அப்படியே நடந்து எக்ஸ்ரே அறைக்குப் போனார். மேலிடம் கூடாது என்றிருந்தது. கருவிப் பெட்டியின் சாவி கெர்டா டிட்ஸன் என்ற நர்ஸிடம் இருந்தது. அந்தம்மா “என் கையில் செய்யுங்கள்” என்று முன்வந்து மேஜையில் படுக்க, அவரைக் கட்டிப்போட்டுவிட்டு இவர் தன் கையிலேயே செய்துகொண்டார். 1956ல் நோபல் பரிசு வந்தது. சாவியைக் கொடுத்த நர்ஸுக்கு என்ன வந்தது என்று கேட்காதீர்கள்.

கிருமி எப்படி உள்ளே போகிறது? முதல் சில நாட்களில் பெரும்பாலும் குழாய் குத்தியிருக்கும் இடத்துத் தோல் வழியாக, குழாயின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போகும். நாளாக நாளாக, நாங்கள் மருந்து போடும் அந்த மூன்று வாய்கள் வழியாக, அதாவது எங்கள் கை வழியாக, உட்பக்கம் போகும். போய் உட்கார்ந்ததும் தன்மேல் ஒரு கொழகொழப்பைப் போர்த்திக்கொள்ளும். கோடையில் தாமிரபரணிப் படித்துறையில் கால் வைத்து வழுக்கியிருக்கிறீர்களா? அந்த வழுவழுப்புதான். அதன்மேல் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் போகாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். கழுத்துக்குள் இருக்கும் குழாயை யார் தேய்ப்பது? ஆன்டிபயாட்டிக்கும் ஊற்றிய தண்ணீர் மாதிரி மேலோடு ஓடிவிடும். பெரும்பாலும் குழாயை எடுத்தால்தான் காய்ச்சல் விடும்.

சரி, ஆச்சி. 2014 வாக்கில் நடந்தது. அறுபத்தெட்டு வயது, பீடி சுற்றியே மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். நிமோனியா முற்றி, பிரஷர் இல்லாமல் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தார். கழுத்தில் லைன் போட்டார்கள். நான்தான் ட்ரே எடுத்து வைத்தேன். ஐந்தாம் நாள் நார்அட் நிறுத்தியாயிற்று. ஆறாம் நாள் இட்லி கொடுத்தோம். “சட்னி வேண்டாம் தாயி, தொட்டுக்கிட சீனி இருக்கா?” என்று கேட்டபோதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, ஆச்சி எழுந்துவிட்டார் என்று.

ஏழாம் நாள் ரவுண்ட்ஸில் ட்யூட்டி டாக்டர் கேட்டார். “லைன எடுத்துரலாமா ஸ்டாஃப்?”

நான் சொன்னேன். “சார், ஆச்சிக்குக் கையில நரம்பே இல்ல. தினம் காலைல பிளட் எடுக்கணும். இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே.”

அவரும் முந்தின ராத்திரி தூங்காத மனுஷன். சரி என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, யாரும் கேட்கவில்லை. திங்கள் சாயங்காலம் ஆறு மணி ஊசியை லைனில் போட்டு, பின்னாலேயே சலைன் தள்ளி ஃப்ளஷ் பண்ணிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போனேன். இருபது நிமிஷம் இருக்கும், கட்டில் ஆடுகிற சத்தம். ஆச்சிக்குக் குளிர் நடுக்கம், பல் தந்தியடிக்கிறது, உடம்பு நெருப்பு. ஃப்ளஷ் பண்ணிய கொஞ்ச நேரத்தில் நடுக்கம் வந்தால் லைனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இன்றைக்கு இதை ஜூனியர் பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்துகிறேன். அன்றைக்கு ஆச்சிக்குக் கம்பளி போர்த்தினேன்.

லைனிலிருந்து ஒரு கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்), கையிலிருந்து ஒரு கல்ச்சர், ஒரே நேரத்தில் எடுத்து அனுப்பினார்கள். இரண்டிலும் ஒரே கிருமி, கிளெப்சியெல்லா. ஆனால் லைனில் எடுத்த பாட்டில் கையில் எடுத்ததைவிட மூன்று மணி நேரம் முன்பே மெஷினில் பீப் அடித்தது. இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்தினால் லைன்தான் ஊற்று என்று அர்த்தம். பிரஷர் மறுபடி விழுந்தது. மறுபடி நார்அட், கழுத்தின் அந்தப் பக்கம் இன்னொரு லைன், கிட்னி சுணங்கி ரெண்டு தடவை டயாலிசிஸ். இன்னும் பதினாறு நாள் ஐசியூ. நடு மகள் வளையலைக் கழற்றிக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மறுநாள் அவள் கையில் ரப்பர் வளையல் கிடந்தது.

ஆச்சி பிழைத்து நடந்தே போனார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘செப்சிஸ்’ (கிருமித் தொற்று உடம்பையே ஆட்டிவைக்கும் நிலை) என்று ஒற்றைச் சொல். அது எங்கிருந்து வந்தது என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் குடும்பத்துக்குச் சொல்லவில்லை. நானும்தான். போகும்போது ஆச்சி என் இரண்டு கையையும் பிடித்து, “நல்லா இருப்பே தாயி” என்றார்.

என்னை நல்ல நர்ஸ் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கை கழுவாமல் யாரையும் தொட்டதில்லை, ட்ரெஸ்ஸிங் நனைந்தால் விட்டு வைத்ததில்லை. என் தப்பு அந்த ‘இருக்கட்டுமே’தான். அது யார் சௌகரியம்? காலையில் நாலு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நரம்பு தேடாமல், குழாயில் சிரிஞ்சை மாட்டி ரத்தம் இழுக்கிற என் சௌகரியம். ஒவ்வொரு தடவை அப்படி இழுக்கும்போதும் குழாயின் வாயைத் திறக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். எல்லோரும் எடுத்துச் சொல்கிற கதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துடையது. பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர், லைன் போடுவதற்கு ஐந்து விஷயங்களை வைத்தார். கையைச் சுத்தம் செய். தொப்பி, மாஸ்க், கவுன், கிளவுஸ் போட்டு நோயாளியை முழுசாகப் பெரிய ஸ்டெரைல் துணியால் மூடு. தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடை. முடிந்தவரை தொடை இடுக்கைத் தவிர். தேவை முடிந்த லைனை எடு. இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது, நர்சிங் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதுவதுதான். அங்கே இதைப் பின்பற்றிய 103 ஐசியூக்களின் கணக்கு 2006 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஆரம்பத்தில் 1000 லைன் நாட்களுக்கு நடுமதிப்பாக (ஐசியூக்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் வருகிற எண்) 2.7 தொற்று. மூன்று மாதத்தில் அது பூஜ்யம். ஒன்றரை வருஷம் கழித்தும் பூஜ்யம். ஒரு நாளைக்குப் பத்து பேருக்கு லைன் இருக்கிற ஐசியூவில் நூறு நாள் ஓடினால் ஆயிரம் லைன் நாள், அவ்வளவுதான் கணக்கு.

நம் நாட்டு நிலவரம்? 2007ல் ஏழு இந்திய நகரங்களின் பன்னிரண்டு ஐசியூக்களைச் சேர்த்து ஒரு கணக்கு வெளியானது. 1000 லைன் நாளுக்கு 7.92.  நான் அந்த எண்ணைப் பார்த்தபோது ஆச்சியின் மகள் கையில் கிடந்த ரப்பர் வளையல்தான் ஞாபகம் வந்தது.

மிச்சிகன் கதையைச் சொல்கிறவர்கள் அந்த ஐந்து வரியை லேமினேட் பண்ணிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் ஐசியூவிலும் ஒட்டியிருந்தது, அதன்மேல் கேன்டீன் நம்பரை யாரோ எழுதியிருந்தார்கள். அங்கே நடந்த பெரிய விஷயம் சுவரில் ஒட்டுகிற மாதிரியானதில்லை. டாக்டர் ஒரு படியைத் தாண்டினால் நர்ஸ் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லலாம், நிர்வாகம் நர்ஸ் பக்கம் நிற்கும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் ‘சார்’ போடாமல் ஒரு வாக்கியம் முடியாது. நிறுத்துங்கள் சார் என்று எப்படிச் சொல்வது?

நான் முதல் தடவை சொன்னது ஒரு கயிற்றுக்காக. பெரிய சர்ஜன், கை தங்கமான கை, வலது மணிக்கட்டில் சிவப்புக் கயிறு.

“சார், கயிறு.”

“என்ன?”

“கையில கயிறு இருக்கு சார். நனைஞ்சா காயாது, அழுக்கு அதுலயே நிக்கும். கழட்டிருங்க சார்.”

“திருச்செந்தூர்ல கட்டினது சிஸ்டர் இது.”

“முருகன் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு சார். பாக்கெட்ல வச்சுக்கோங்க.”

மானிட்டர் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வெளியே போனார். சரி, நம்ம வேலை போச்சு என்று நினைத்தேன். ஐந்து நிமிஷம் கழித்துக் கயிறு இல்லாமல் வந்து, கை கழுவி, கவுன் போட்டு, லைனைப் போட்டார். பதினைந்து நாள் என்னிடம் பேசவில்லை. இப்போதும் பெரிதாகப் பேச்சு இல்லை, ஆனால் ஐசியூவுக்குள் வரும்போது அந்தக் கையில் கயிறு இருப்பதில்லை. நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், எங்கள் பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மோதிரம், கண்ணாடி வளையல், வெள்ளிக்கிழமையானால் தலைகொள்ளாத மல்லிகை. மோதிரத்தைக் கழற்ற வைப்பது கயிற்றைவிடக் கஷ்டம், அதுவும் கல்யாணம் ஆன புதிதில்.

லைன் போடுவது இருபது நிமிஷ வேலை. அந்த இருபது நிமிஷமும் கல்யாண வீடு மாதிரி எல்லோரும் சுற்றி நிற்பார்கள். அடுத்த ஏழு நாள்? அது முழுக்க நர்ஸின் கையில். எனக்குக் கோபம் வருகிற இடங்கள் அங்கேதான் இருக்கின்றன.

முதலில் பாட்டில் ஊசி. நம் ஊர் டிரிப்ஸ் பாட்டில் அரைகுறைக் கெட்டியான பிளாஸ்டிக். திரவம் இறங்க இறங்கச் சுருங்காது, காற்று உள்ளே போனால்தான் ஓடும். அதற்காக பாட்டிலில் ஒரு பதினெட்டாம் நம்பர் ஊசியைக் குத்தி வைப்பது பரம்பரை வழக்கம். ஓட்டம் நின்றால் ‘ஊசி குத்து’ என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. யோசித்துப் பாருங்கள், கையை அத்தனை தடவை கழுவி, தோலை அத்தனை சிரத்தையாகத் துடைத்துப் போட்ட லைன். அதில் ஓடும் திரவத்துக்குள் ஐசியூ காற்றை வடிகட்டாமல் நாமே விடுகிறோம். அர்ஜென்டினா, பிரேசில், இத்தாலி, மெக்ஸிகோ நாலு நாட்டிலும் காற்றுத் துளை வேண்டாத, தானே சுருங்கும் பைக்கு மாறியபோது ரத்தத் தொற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பைக்கு விலை கூடுதல்தான். பர்ச்சேஸில் இருக்கும் அண்ணாச்சியோடு நான் ஏழு மாதம் மல்லுக்கட்டினேன். ஒரு ஆச்சியின் பதினாறு நாள் பில்லைப் போட்டுக் காட்டினேன். இப்போது லைன் இருக்கிறவர்களுக்கு மட்டுமாவது பை வருகிறது.

அதோடு பிறந்த இன்னொன்று, ‘காமன் ஃப்ளஷ்’. ட்ராலியில் ஒரு அரை லிட்டர் சலைன் பாட்டில், அதன் ரப்பரில் நிரந்தரமாகக் குத்தி வைத்த ஊசி, காலையிலிருந்து ராத்திரி வரை எல்லா நோயாளிக்கும் அதிலிருந்தே இழுத்து ஃப்ளஷ். ஒரு தெருவே ஒரு சொம்பில் வாய் வைத்துக் குடிக்கிற மாதிரி. இதை நான் பார்த்த இடங்களின் எண்ணிக்கையை எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வராது. பத்து மில்லி ஆம்ப்யூல், ஒருவருக்கு ஒரு தடவை, மிச்சத்தைக் கொட்டு. இதில் எனக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது.

அடுத்தது, குழாயின் வாயைத் துடைப்பது. பார்க்க ஒன்றுமில்லாத வேலை. ஆல்கஹால் ஸ்வாபை எடுத்து, வாயின் மேலும் அந்த மரையைச் சுற்றியும் அழுத்தித் தேய்க்க வேண்டும். சும்மா தொட்டுவிட்டு எடுப்பது இல்லை. தேங்காய் துருவும்போது கை இப்படியும் அப்படியும் அரைவட்டம் திரும்புமே, அப்படி, பதினைந்து எண்ணும் வரை. பிறகு காயவிட வேண்டும். இந்தக் காயவிடுகிற இடத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு நாள் நைட்டில் மறைந்து நின்று பார்த்தேன். ஒரு பிள்ளை சின்சியராகப் பதினைந்து எண்ணித் தேய்த்தாள். அப்புறம் மாஸ்க்கைக் கீழே இறக்கி, வாயைக் குவித்து, ஃபூ ஃபூ என்று ஊதிக் காயவைத்தாள். சூடான பாலை ஆற்றுகிற மாதிரி. எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஏன்டீ என்று கேட்டால், “மூணு பெட்டுக்கு மருந்து நிக்குதுக்கா” என்கிறாள். அவள் சொன்னதும் பொய் இல்லை. ஒரு நர்ஸுக்கு ஒரு வென்டிலேட்டர் நோயாளி என்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பேரைக் கொடுத்துவிட்டுப் பதினைந்து எண்ணு, காயவிடு என்று பாடம் எடுக்கிற எனக்கு அன்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. மறுநாள் மீட்டிங்கில் ஸ்வாபைப் பற்றிப் பேசாமல் ஆள் எண்ணிக்கையைப் பற்றிப் பேசினேன். பாதி கிடைத்தது.

ட்ரெஸ்ஸிங் பற்றிப் புத்தகத்தில் இருப்பது சுலபம். பஞ்சுத்துணி என்றால் இரண்டு நாளைக்கு ஒரு தடவை, கண்ணாடி மாதிரி ஒட்டும் டேகடெர்ம் என்றால் ஏழு நாளைக்கு ஒரு தடவை மாற்று, நடுவில் நனைந்தாலோ கழன்றாலோ உடனே மாற்று. அக்னி நட்சத்திரத்தில் ஏசி மக்கர் பண்ணும் ஐசியூவில், கழுத்து வியர்த்துக் கொட்டும்போது, ஏழு நாள் எங்கே ஒட்டும்? இரண்டாம் நாளே ஓரம் தூக்கும். தாடிக்காரர்களுக்கு முதல் நாளே தூக்கும். தூக்கின ஓரத்தின்மேல் இன்னொரு பிளாஸ்டரை ஒட்டி, அதன்மேல் இன்னொன்றை ஒட்டி, கழுத்தில் போஸ்டர் சுவர் மாதிரி ஆக்கி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்தால் எனக்கு ஆகாது. பிரி, குளோர்ஹெக்சிடினால் துடை, காயவிடு, புதிதாக ஒட்டு, தேதி எழுது.

அப்புறம் விபூதி. விசிட்டிங் நேரத்தில் யார் வீட்டிலிருந்தாவது ஒருவர் கோயில் விபூதியோடு வந்துவிடுவார். நெற்றியில் பூசினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் பாசத்தில் நெற்றியோடு நிற்பதில்லை, கழுத்து, நெஞ்சு என்று அள்ளிப் பூசிவிடுவார்கள், தூள் போய் ட்ரெஸ்ஸிங் ஓரத்தில் சேரும். முன்பு நான் தடுத்துச் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு மகன் “எங்கப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான் காரணம்” என்று கத்தினான். இப்போது சண்டை இல்லை. “அண்ணே, நெத்தில ஒரு கீத்து வச்சுருங்க, மிச்சத்த மடிச்சு என்கிட்ட தாங்க, தலைமாட்டுலயே வச்சுருதேன்” என்பேன். உடனே தந்துவிடுவார்கள். ஒட்டுகிற பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுவோம். எந்தச் சாமி என்று நாங்கள் பார்ப்பதில்லை, வேளாங்கண்ணி எண்ணெயும் நாகூர்த் தாயத்தும்கூட அங்கே இருக்கும்.

மூத்திரக் குழாய்க்கும் இதே ராமாயணம்தான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பை எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக்கூடாது. ஸ்கேனுக்குப் போகும்போது ட்ராலி தள்ளுகிற தம்பி பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின்மேல் வைத்துவிடுவான், கையில் சிக்கக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில். பையில் நின்றது எல்லாம் திரும்ப உள்ளே. இப்போது கிளம்புவதற்கு முன்னால் பையைக் காலி செய்து, ட்ராலியின் பக்கவாட்டுக் கொக்கியில் மாட்டினால்தான் கதவைத் திறப்போம். இந்தக் குழாயை எடுக்கலாம் என்றால் சொந்தக்காரர்களே சில சமயம் “இருக்கட்டும் சிஸ்டர், படுக்கை நனையாம இருக்கே” என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆச்சி வந்துவிடுவார்.

எங்கள் பூஜ்யத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘எங்கள் ஐசியூவில் ஆறு மாதமாக லைன் தொற்று பூஜ்யம்’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எத்தனை கல்ச்சர் அனுப்பினீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். கல்ச்சரே அனுப்பாமல் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக்கை மாற்றிக்கொண்டே போனால், கணக்கில் எப்போதும் பூஜ்யம்தான் வரும். போன வருஷம் எங்கள் எண் நடுவில் கொஞ்சம் ஏறியது. நிர்வாகத்தில் முகம் சுளித்தார்கள். கல்ச்சர் கூடுதலாக எடுக்க ஆரம்பித்ததால் ஏறியது, அந்த ஏற்றத்தில் எனக்கு வருத்தமே இல்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன செவ்வாய்க்கிழமை. ஏழாம் பெட், ஐம்பது வயதுக்காரர், லாரி ஓட்டுகிறவர், கணையத்தில் வீக்கம். முந்தின நாள் மதியத்தோடு எல்லா மருந்தும் குறைந்து, வாய் வழியாகக் கஞ்சி போகிறது. கழுத்தில் லைன், ஆறாம் நாள். அன்றைய ஸ்டாஃப் புதுப் பெண், மார்த்தாண்டம் பக்கம்.

“இது எதுக்கு இருக்கு?”

“நாளைக்கு எடுத்துருவோம்க்கா. ரெண்டு கையும் ஊதிப் போயிருக்கு, நரம்பு கிடைக்கல. இன்னிக்கு ஒரு நாள்...”

முழுசாகச் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழியச் சொன்னேன். இடது கையைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டு, முழங்கைக்குக் கீழே அந்தத் துண்டைச் சுற்றிப் பத்து நிமிஷம் வைத்தோம். அவரிடம் கையை மூடித் திற, மூடித் திற என்றோம். “ஸ்டீயரிங் பிடிக்கிற மாதிரியா?” என்றார். அப்படியேதான். முன்கையின் உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு மட்டும் மெத்தென்று தெரியும் ஒரு நரம்பு. அவள் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். நீலக் கலர் வென்ஃப்ளான், ஒரே குத்தில் ஏறியது.

டாக்டர் ஆர்டர் எழுதினார். தலையணையை எடுத்துவிட்டுத் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தினோம். லைனை எடுக்கும்போது ஆள் உட்கார்ந்திருந்தால் அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே இழுத்துவிடும், அது ஆபத்து. தையலை வெட்டினாள். “அண்ணாச்சி, மூச்ச நல்லா இழுத்து அப்படியே அடக்கிக்கோங்க” என்றாள். பதினைந்து சென்டிமீட்டர் குழாய், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நுனி முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ட்ரேயில் போட்டாள். நான்காக மடித்த காஸை வைத்து அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷம். கை வலித்திருக்கும், எடுக்கவில்லை. ரத்தம் நின்றதும் காற்றுப் புகாத ட்ரெஸ்ஸிங்கை ஒட்டித் தேதி எழுதினாள்.

அரை மணி நேரம் படுத்தே இருக்கச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தார்.

“சிஸ்டர், கழுத்தத் திருப்பலாமா?”

“திருப்புங்க அண்ணாச்சி.”

ஆறு நாளாக இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்ல அந்தப் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.